கல்லின் சூட்டை அளந்த கதை

நான் பள்ளிப்படிப்போடு கடையில் உட்கார்ந்தவன். மலர்க்குழு அன்பர்கள் "நீங்களும் ஒரு கட்டுரை தரவேண்டும்" என்றதும், எனக்குப் பழக்கமான கல்லைப் பற்றியே எழுதலாம் என்று துணிந்தேன். பிழை இருந்தால் கற்றோர் பொறுத்தருள்க.

வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள மலைக்குகைகளில் அக்காலச் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் உண்டு. சித்திரை வெயிலில் ஏறிப்போய்ப் படுத்தாலும் முதுகுக்குச் சில்லென்று இருக்கும். பிற்பாடு அப்பா கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டையில் அரிசிக்கடை வைத்தார். கடைக்கு வரும் சுரங்கத் தொழிலாளிகள், பெரும்பாலும் நம் வடாற்காட்டுத் தமிழர்கள், "கீழே பாறை அனலாக் கொதிக்குது நயினார்" என்பார்கள். ஒரு கல் குளிர்கிறது, இன்னொரு கல் கொதிக்கிறது, இது எப்படி? சிறுவயதில் மனத்தில் விழுந்த இந்தக் கேள்வி என்னை நாற்பது ஆண்டு படிக்க வைத்தது.

விடை சுருக்கமானது. பகல் வெயிலின் ஏற்ற இறக்கம் மூன்றடிக் கல்லுக்குள் போவதற்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். ஆகவே குகை குளிர்ச்சி. வெகு ஆழத்திலோ, பூமியின் உள்வெப்பம் மேல்நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே சுரங்கம் சூடு. ஆனால் எவ்வளவு வெப்பம், எவ்வளவு வேகம் என்பது கல்லுக்குக் கல் மாறும். அதை அளந்த கதைதான் இது.

1837-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற பேராசிரியர் மூன்று இடங்களில் நீண்ட வெப்பமானிகளைப் புதைத்தார். ஒன்று கால்ட்டன் குன்றின் எரிமலைப் பாறை, ஒன்று தோட்டத்து மணல், மற்றொன்று கிரெய்க்லீத் மணற்கல் சுரங்கம். ஆழம் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி. 24 அடி ஆழத்தில், கோடையின் உச்ச வெப்பம் மணற்கல்லில் நவம்பர் வாக்கிலேயே வந்து சேர்ந்தது. கால்ட்டன் குன்றிலோ ஜனவரி ஆகிவிட்டது! பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், ஃபூரியேயின் கணிதத்தைக் கொண்டு இந்த அளவுகளை ஆராய்ந்து 1861-இல் வெளியிட்டார். மணற்கல்லில் வெப்பம் பரவும் திறன் குன்றுப்பாறையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரிந்தது. ஒரே ஊர், ஒரே வெயில், கல் மட்டும் வேறு.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. சுவாதித் திருநாள் மன்னர் நிறுவிய திருவனந்தபுரம் வான்நோக்கு நிலையத்தில் ஜான் கால்டிகாட் என்பவர் 1842 முதல் 1845 வரை பூமிக்குள் வெப்பமானிகளை வைத்துக் குறித்துவந்தார். வெப்பநாடுகளில் ஓரடி ஆழத்திலேயே வெப்பம் ஆண்டு முழுவதும் மாறாது என்று பிரெஞ்சு அறிஞர் பூசிங்கோ கூறியிருந்தார். அது நம் மண்ணுக்குப் பொருந்தவில்லை என்று கால்டிகாட்டின் குறிப்புகள் காட்டின. மேலைநாட்டு எண்ணை அப்படியே இங்கு வைக்க முடியாது என்பதற்கு இது முதல் பாடம்.

கோலாரில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பித்தான் மனிதனை வேலைசெய்ய வைத்தார்கள். 1960-களில் ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் அந்தப் பாறைகளின் வெப்பக் கடத்துதிறனையும், ஆழத்தோடு ஏறும் சூட்டையும் அளந்து, உள்ளிருந்து வரும் வெப்ப ஓட்டத்தைக் கணக்கிட்டனர். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. நம்மவர் உடம்பால் அறிந்ததைக் கருவியால் எழுதிவைத்தார்கள் என்ற அளவில் எனக்கு ஓர் ஆறுதல்.

இன்று அதே அறிவு வேறு வேலைக்கு உதவுகிறது. நிலத்தில் துளையிட்டுக் குழாய் இறக்கி, கட்டடத்தின் சூட்டைப் பாறைக்குள் விடுகிறார்கள். குளிர்நாடுகளில் பாறையிலிருந்து சூட்டை எடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டுக் கல்லை அளந்தால் விரிசலும் ஊற்றுநீரும் கணக்கில் வராது. ஆகவே 1983-இல் சுவீடனின் மோகென்சன் ஒரு வழி சொன்னார். துளைக்குள் குழாய் இறக்கி, ஒரே அளவு வெப்பத்தை இடைவிடாமல் எடுத்தோ செலுத்தியோ, நீரின் சூடு எவ்வளவு மெதுவாக மாறுகிறது என்று பார்ப்பது. வெப்பத்தைச் செலுத்தும்போது மெதுவாக ஏறினால் பாறை நன்றாக வெப்பத்தை வாங்குகிறது என்று பொருள். 1990-களில் சுவீடனிலும் அமெரிக்காவிலும் இக்கருவியை வண்டியில் ஏற்றி இடத்துக்கே கொண்டுபோனார்கள். இரண்டு நாளாவது விடாமல் ஓட்டவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் என் நண்பர் ஒருவர் கிடங்கு கட்டியபோது இம்முறையை வைக்க விரும்பினார். ஆலோசகர் புத்தகத்தில் 'கிரானைட்' என்ற வரியிலிருந்த எண்ணை எடுத்துத் துளைக்கணக்குப் போட்டுவிட்டார். "சோதனைக்கு வேறு பணமா?" என்று நண்பர் சலித்துக்கொண்டார். "தராசு இல்லாம சரக்கு எடுப்பியாப்பா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். மேலே பல அடிக்கு மக்கிய பாறை. கிடைத்த அளவு புத்தக எண்ணைவிடக் குறைவு. இன்னும் இரண்டு துளை போடவேண்டி வந்தது. போடாமல் விட்டிருந்தால் சில கோடைக்குள் துளைகள் சூடேறி, போட்ட முதல் வீணாகியிருக்கும்.

வியாபாரத்தில் நான் கற்றதும் ஃபோர்ப்ஸ் கற்றதும் ஒன்றுதான். பெயரைப் பார்த்துச் சரக்கை மதிப்பிடாதே, நிறுத்துப் பார்.