ஒரு பிடி மண்

பிணத்தின் மேல் கிடந்தது மெல்லிய புழுதிதான். குழி வெட்டிய தடமில்லை, வண்டி வந்துபோன சுவடும் இல்லை. சோபோக்ளிஸின் 'ஆன்டிகனி' நாடகத்தில், காவலாளி ஒருவன் நடுங்கியபடி அரசன் கிரியோனிடம் கொண்டுவரும் சேதி இது. சொந்த ஊரான தீப்ஸின் மேல் படையெடுத்து வந்து மாண்டவன் பாலினைசிஸ். அவனை யாரும் அடக்கம் செய்யக்கூடாது என்பது அரசாணை. காவலர்கள் அந்தப் புழுதியைத் துடைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நடுப்பகலில் சூறைக்காற்று எழுகிறது. அது அடங்கும்போது உடன்பிறந்தவள் ஆன்டிகனி அங்கே நின்று அழுகிறாள். மறுபடியும் மண்ணை அள்ளுகிறாள்.

கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸ் மேடையில் அள்ளிய அந்த மண் இன்னும் கீழே விழுந்து முடியவில்லை. 1944-ல், ஜெர்மானியப் படை பிடித்துவைத்திருந்த பாரிஸில், ழான் அனூயி அதே கதையை மேடையேற்றினார். அவருடைய ஆன்டிகனி மண் அள்ளியது ஒரு பொம்மை மண்வாரியால். சிறுவயதில் கடற்கரையில் மணல்கோட்டை கட்டிய மண்வாரி அது. 1973-ல் கேப் டவுனில் அதோல் ஃபுகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் ந்ட்ஷோனா மூவரும் உருவாக்கிய 'தி ஐலண்ட்' நாடகம் மணலில்தான் தொடங்குகிறது. இரண்டு கைதிகள். ஒருவன் தோண்டிய மணலை மற்றவன் தோண்டும் இடத்தில் கொட்டுகிறான், அவன் அதைத் திரும்ப இங்கே கொண்டுவந்து கொட்டுகிறான். அந்த இருவரும் சிறைக்குள் 'ஆன்டிகனி' நடிக்கத் தயாராகிறார்கள். உண்மையான ராபன் தீவுச் சிறையில் கிரியோனாக நடித்தவர் நெல்சன் மண்டேலா.

பிறகு லண்டன். 'தாரா ஆர்ட்ஸ்' நாடகக் குழுவின் ஜதீந்தர் வர்மா, இன்றைய காலத்துக்கு ஓர் 'ஆன்டிகனி' எழுதலாமே என்று எழுத்தாளர் கமிலா ஷாம்ஸியிடம் சொன்னார். நாடகமாகக் கேட்டது நாவலாக வளர்ந்து, 2017-ல் 'ஹோம் ஃபயர்' என்று வெளியானது.

பழைய நாடகத்தில் பாலினைசிஸ் ஒரு வார்த்தை பேசுவதில்லை. திரை விலகும்போதே அவன் பிணம். ஷாம்ஸி அந்தப் பிணத்தின் வாயைத் திறந்தார். ஐந்து பாகங்களில் ஒன்றை முழுக்க அவனுக்கே கொடுத்தார். இங்கே அவன் பெயர் பர்வேஸ், வெம்பிளிப் பக்கத்துப் பையன். ஒலிப்பதிவுக் கருவியோடு தெருச் சத்தங்களைப் பிடித்துச் சேர்ப்பதில் பித்து. ஜிஹாதுக்குப் போய்த் திரும்பாத தகப்பனை அவன் பார்த்ததில்லை. அந்தக் குறையைக் கண்டுகொண்ட ஒருவன் நட்பாக வந்து, தகப்பனின் பெருமைகளைப் பேசிப் பேசியே அவனை ராக்காவுக்கு இழுத்துப் போகிறான். அங்கே ஐ.எஸ். அமைப்பின் ஊடகப் பிரிவில் வேலை. உலகமெங்கும் கைப்பேசிகளில் ஓடப்போகும் காணொளிகளுக்கு ஒலி சேர்ப்பது. அடுத்த வீட்டுப் பையனை இழுக்கும் தூண்டிலுக்கு இவனே புழு கோக்கிறான். இணையம் இளைஞர்களை விழுங்குவதைப் பற்றி நான் படித்த எந்த அறிக்கையும் இந்தப் பாகத்தைப் போல என்னைக் கலங்கவைத்ததில்லை. தகப்பனில்லாத ஏக்கத்தை எந்தக் காவல்துறை கண்காணிக்கும்?

வீடு திரும்பத் தவித்தவன் இஸ்தான்புல்லில் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தை நெருங்கும்போது கொல்லப்படுகிறான். உடலைக்கூட நாட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார் உள்துறை அமைச்சர் கராமத் லோன். அவரும் பாகிஸ்தானிய வேர் கொண்டவர். உடல் கராச்சிக்குப் போகிறது. இரட்டைச் சகோதரி அனீகா ஒரு பூங்காவில் பனிக்கட்டிகளுக்கு நடுவே அதை வைத்துக் காக்கிறாள். புழுதிப்புயல் அடிக்கிறது, தீப்ஸில் அடித்த அதே காற்று.

தமிழில் மண் என்றால் புழுதியும்தான், பிறந்த நாடும்தான். தீப்ஸில் உடலுக்கு மண் மறுக்கப்பட்டது. லண்டனில் மண்ணுக்கே உடல் மறுக்கப்பட்டது.

நாவல் வந்த அடுத்த ஆண்டு, பாகிஸ்தானிய வம்சாவளியினரான சஜித் ஜாவித் நிஜமாகவே பிரிட்டனின் உள்துறை அமைச்சரானார். 2015-ல், 15 வயதில், கிழக்கு லண்டனிலிருந்து சிரியாவுக்குப் போன ஷமீமா பேகத்தின் குடியுரிமையை அவர் 2019 பிப்ரவரியில் பறித்தார். அவள் கடத்தப்பட்டிருக்கலாம் என்ற ஐயத்துக்கு நம்பத்தக்க அடிப்படை உண்டு என்று 2023-ல் தீர்ப்பாயமே சொன்னது, முடிவு மாறவில்லை. அவள் பெற்ற மூன்று குழந்தைகளும் சிரியாவிலேயே இறந்தன.

சோபோக்ளிஸின் கிரியோன் கடைசியில் தானே போகிறான். நாய் குதறிய உடலைக் கழுவி எரித்து, பிறந்த மண்ணை அள்ளிக் குவித்து உயரமாய் மேடு எழுப்புகிறான். ஷாம்ஸியின் நாவல் அந்த மேடு எழும்புவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.