செய்வித்தான், செய்வித்தாள்

கர்நாடகத்தின் சிரவணபெளகொளாவில், விந்தியகிரி என்னும் பாறைக் குன்றின்மேல் 57 அடி உயரத்தில் ஒற்றைக் கல்லில் நிற்கிறார் பாகுபலி. செருப்பில்லாமல் 600க்கும் மேற்பட்ட படிகள் ஏறி வருபவர்கள் அந்த முகத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். நாம் சற்றுக் குனிந்து காலடியைப் பார்ப்போம். கன்னடம், மராத்தி வரிகளோடு அங்கே ஒரு தமிழ் வரியும் உண்டு: ‘ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்’. கங்க மன்னன் இராசமல்லனின் அமைச்சரும் தளபதியுமான சாமுண்டராயர், ஏறத்தாழ பொ.ஆ. 981இல் இதை எழுப்பினார்.

‘செய்வித்தான்’ என்பது பிறவினை. உளி பிடித்த கைகளுக்கு அந்த வரியில் இடமில்லை. சிலை எழக் காரணமாக மரபு சொல்லும் பெண்ணுக்கும் இடமில்லை. போதனபுரத்துப் பாகுபலியைக் காணும்வரை பால் அருந்துவதில்லை என நோன்பேற்றவர் சாமுண்டராயரின் தாய் காளலாதேவி. அவருக்காகப் புறப்பட்ட பயணமே இந்தக் குன்றில் முடிந்தது என்கிறது கதை.

இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். முதல் முழுக்காட்டின்போது சாமுண்டராயர் குடம் குடமாகப் பால் ஊற்றியும் அது சிலையின் இடுப்பைத் தாண்டி இறங்கவில்லையாம். கத்தரி இனத்துக் காய் ஒன்றைக் குடைந்து, அதில் கொஞ்சம் பாலோடு வந்த ஏழைக் கிழவி ஊற்றியதும் பாதம்வரை நனைந்ததாம். அவள் பெயர் குள்ளகாயஜ்ஜி. குள்ளகாய் அந்தக் காய். அஜ்ஜி என்றால் பாட்டி. ஏந்தி வந்த பாத்திரம்தான் பெயர். சொந்தப் பெயர் இல்லை. பாகுபலியை நோக்கியபடி, திருச்சுற்றுக்கு வெளியே, கையில் காயோடு அவள் சிலை நிற்கிறது.

அமைச்சரின் செருக்கை ஒரு கிழவி உடைத்தாள் என்பதோடு கதை நின்றிருந்தால் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவள் கிழவியே அல்ல, கூஷ்மாண்டினி யட்சி என்று மரபு விளக்கம் சொல்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது பெருமை. உண்மையில், ஏழைப் பெண்ணொருத்தி செய்த செயலை அவளிடமிருந்து எடுத்துத் தெய்வத்திடம் கொடுப்பது.

இந்த மலை திகம்பரர்களுடையது. உடை துறக்காமல் வீடுபேறில்லை, பெண்ணால் உடை துறக்க இயலாது, ஆகவே அவள் ஆணாய்ப் பிறந்தபின்பே முக்தி என்பது அவர்கள் கொள்கை. அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சமாதானம் சொல்ல முடியாது. கன்னட நாட்டிலேயே 9ஆம் நூற்றாண்டில் யாபனீயச் சமணரான சாகடாயனர், பெண்ணுக்குப் பெண்ணுடலிலேயே முக்தி உண்டு என வாதிட்டு ‘ஸ்திரீநிர்வாண ப்ரகரணம்’ எழுதினார்.

கல்லும் அந்த வாதத்துக்குச் சான்று சொல்கிறது. எதிரே உள்ள சந்திரகிரியில், வடக்கிருந்து உயிர்நீத்த பெண்துறவியரைப் பற்றிய 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. நம் கழுகுமலையில், சமணத் திருமேனிகளைச் செய்வித்தவர்களாகக் குரத்தியர் பொறிக்கப்பட்டிருக்கிறார்கள். அதே பிறவினை, இங்கே எழுவாய் பெண்.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் மகாமஸ்தகாபிஷேகத்துக்கு, 2018இல் போலவே, இனியும் இலட்சக்கணக்கானோர் வருவார்கள். பெண்கள் அண்ணாந்து பார்த்து முடித்ததும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். காயேந்தி நிற்பவளை யட்சி என்று வணங்க வேண்டியதில்லை. பாட்டி என்று கூப்பிட்டாலே போதும்.