காலி இடம்

2011 ஏப்ரல் 21, அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவு 12:47. அமேசானின் கிழக்கு அமெரிக்கத் தரவு மையங்களில் நெட்வொர்க்கின் கொள்ளளவைக் கூட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்காகப் போக்குவரத்தைக் கொஞ்ச நேரம் வேறு ரவுட்டருக்கு மாற்ற வேண்டும். மாற்றினார்கள். ஆனால் அது போய்ச் சேர்ந்தது, அவ்வளவு பளுவைத் தாங்காத துணை நெட்வொர்க்குக்கு. ரெட்டிட், குவோரா, ஃபோர்ஸ்கொயர் எல்லாம் விழுந்தன.

ஒரு திருப்பம் தவறினதுக்கா இவ்வளவு? காரணம் டிஸ்க்கில் இருந்தது.

அமேசான் 2008இல் இபிஎஸ் என்ற சேவையைத் தொடங்கியது. கேட்ட அளவில் டிஸ்க் கிடைக்கும்; அதற்கு வால்யூம் என்று பெயர். ஒவ்வொரு வால்யூமுக்கும் வேறொரு சர்வரில் ஒரு நகல் உண்டு. நகல் தொலைந்தால், சர்வர் உடனே காலி இடம் தேடிப் புது நகல் எடுக்கும். நல்ல ஏற்பாடுதான், ஒன்றிரண்டு தொலையும்வரை. அன்றைக்கு ஏராளமான வால்யூம்கள் ஒரே நேரத்தில் நகலைத் தொலைத்துவிட்டு இடம் தேடின. இருந்த காலி இடம் சட்டென்று தீர்ந்தது. பாதிக்கப்பட்ட மண்டலத்தில் 13 சதவீத வால்யூம்கள் அப்படியே சிக்கி நின்றன.

ஆனால் அதே மண்டலத்தில், வேறு மண்டலத்தில் மாற்று வைத்துக்கொள்ளாத டேட்டாபேஸ்களில் சிக்கியவை 45 சதவீதம். 13 எப்படி 45 ஆனது?

வேகத்துக்காக ஒரு டேட்டாபேஸைப் பல வால்யூம்களில் பிரித்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்று நின்றாலும் மொத்தமும் நிற்கும். பேச்சுக்கு நாலு வால்யூம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலும் தப்பிக்கிற வாய்ப்பு 0.87ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது: சுமார் 57 சதவீதம். மிச்சம் 43 போச்சு.

இந்தக் கணக்கு புதுசு இல்லை. 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்ட் பற்றிய கட்டுரையில் இதைத்தான் எழுதினார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், 100 டிஸ்க் சேர்ந்த தொகுப்பில் 300 மணி நேரத்துக்கு ஒன்று பழுதாகும். அதாவது இரண்டு வாரம்கூடத் தாங்காது. டிஸ்க்கைக் கூட்டக் கூட, உடைவதும் கூடும். அதனால் உபரி வேண்டும் என்றார்கள். அந்த உபரிக்கும் இடம் வேண்டும் என்பதைத்தான் 2011 காட்டியது.

எப்படி மீண்டார்கள்? அதே பிராந்தியத்தின் வேறு இடங்களில் உபரியாக இருந்த சர்வர்களைக் கழற்றி எடுத்துவந்து பொருத்தினார்கள். மேகம் என்று பெயர் வைத்தாலும் கடைசியில் மனுஷங்கதான் இரும்பைத் தூக்கிட்டு வரவேண்டியிருந்தது. அப்படியும் 0.07 சதவீத வால்யூம்களை முழுமையாக மீட்க முடியவில்லை.

2014இல் அமேசான் அறிவித்த அரோரா டேட்டாபேஸில் சேமிப்பு 10 ஜிபி துண்டுகளாக வெட்டப்பட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று மண்டலங்களில் ஆறு நகல். நாலு நகல் ‘எழுதிட்டேன்’ என்றால் போதும், வேலை நகரும். துண்டு சின்னது என்பதால், வேகமான நெட்வொர்க்கில் புது நகலைப் பத்தே விநாடியில் எடுத்துவிடலாம். தரவு வளர வளர டிஸ்க்கும் தானாக வளரும்.

இன்று ஒரு பெட்டியில் 100ஐ அழித்து 500 என்று அடித்தால் டிஸ்க் பெரிதாகிவிடுகிறது. நாம் அடிக்கும் முன்பே யாரோ அந்த 400ஐ வாங்கி, பூட்டி, காலியாக வைத்திருக்கிறார்கள். நாம் மாதாமாதம் கட்டும் வாடகையில் அந்தக் காலி இடத்துக்கும் ஒரு பங்கு போகிறது.