கைதிகளே மேற்பார்வையாளர்கள்: சிங்கப்பூர்ப் பொதுப்பணியின் தொடக்கக்கால ஆள்முறை (1825–1873)

ஒரு நகரின் சாலைக்கும் பாலத்திற்கும் வரைபடம் தீட்டப் பொறியாளர் ஒருவர் போதும். அவற்றைக் கட்டி முடிக்க ஆட்கள் வேண்டும். அவ்வாட்களை மேற்பார்க்க மேலும் ஆட்கள் வேண்டும். சிங்கப்பூரின் தொடக்கக்காலக் கட்டடங்களைப் பற்றிய எழுத்துகள் பொறியாளர்களைப் பற்றி நிறையவே பேசுகின்றன. மேற்பார்வை யாரிடம் இருந்தது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1824ஆம் ஆண்டின் ஆங்கிலேய-டச்சு ஒப்பந்தத்தால் பெங்கூலன் டச்சுக்காரர் கைக்கு மாறியது. அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். முதலில் வந்தோர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர். ஒரு வாரத்திற்குப் பின் வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தனர். 'சென்னைக் கைதிகள்' என்று ஆவணங்கள் குறிப்பதனாலேயே அவர்கள் அனைவரையும் தமிழர் எனக் கொள்வது பொருந்தாது. தெலுங்கரும் மலையாளிகளும் அம்மாகாணத்தவரே. 1833இல் கோல்மன் பொதுப்பணி மேற்பார்வையாளராகவும் கைதிகளின் கண்காணிப்பாளராகவும் நில அளவையாளராகவும் ஒருசேர அமர்த்தப்பட்டார். பணியும் தண்டனையும் ஒரே அலுவலரின் பொறுப்பாயின. ஆள்முறையின் அடிப்படை இதுவே.

தொடக்கத்தில் கைதிகளைக் காக்கச் சம்பளம் பெறும் காவலர் இருந்தனர். செலவு மிகுந்த இம்முறை படிப்படியாகக் கைவிடப்பட்டு, நன்னடத்தையுள்ள கைதிகளே சிற்றலுவலர்களாக உயர்த்தப்பட்டனர். பட்டர்வொர்த் காலத்தில், 1845ஆம் ஆண்டின் விதிகள் கைதிகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தன. முதல் வகுப்பினர் அனுமதிச் சீட்டுடன் வெளியே வாழலாம். இரண்டாம் வகுப்பினர் சிற்றலுவலர்கள். மூன்றாம் வகுப்பினர் சாலைப்பணி முதலியவற்றைச் செய்வோர். புதிதாக வந்தோர் நான்காம் வகுப்பில் விலங்குடன் வைக்கப்பட்டனர். மேல்வகுப்பிலிருந்து தாழ்த்தப்பட்டோரும் கடுங்கண்காணிப்பு தேவைப்பட்டோரும் ஐந்தாம் வகுப்பினர். முதியோரும் நோயாளிகளும் ஆறாம் வகுப்பில் இடம்பெற்றனர்.

சிற்றலுவலர்களின் பதவிப் பெயர்கள் கருதத்தக்கவை. 'தண்டல்' என்பது தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் கடல்தொழிற்சொல். படகோட்டிகளின் தலைவனைக் குறிப்பது. 'தபேதார்' படைத்துறையிலிருந்து வந்தது. சிறைக்கென்று புதிய பதவிப் பெயர்களைப் படைக்காமல், கப்பலிலும் படையிலும் பழகிய படிநிலையையே நிர்வாகம் எடுத்தாண்டுள்ளது. பிற்காலத் தோட்டக் கங்காணியுடன் தண்டலை ஒப்பிடத் தோன்றலாம். ஆனால் கங்காணி தன் ஊரிலிருந்து ஆள் திரட்டியவன்; தண்டலுக்கோ ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அவன் உயர்ந்ததும் ஒரு விதியால்; மீண்டும் விலங்குக்கு இறங்கக்கூடியதும் அதே விதியால்.

1857இல் கைதிகளின் கண்காணிப்பாளரான மக்நாயர் இம்முறையைப் பெரிதும் போற்றி 1899இல் நூல் வெளியிட்டார். அது தம் நிர்வாகத்தைத் தாமே மதிப்பிட்ட அலுவலரின் நூல் என்பதை மனத்தில் கொண்டே பயில வேண்டும். சீர்திருத்தமே நோக்கம் என அவர் வலியுறுத்தினும், சிக்கனமே முறையைத் தொடங்கி வைத்தது என்பது என் கருத்து. எனினும் பயிற்சியின் பயனை மறுக்க இயலாது. சாலை வெட்ட வந்தவர்களிலிருந்து கொத்தர், தச்சர், கொல்லர், கல்தச்சர் உருவாயினர். செங்கற்சூளையையும் அவர்களே நடத்தினர்.

1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1862இல் அர்ப்பணிக்கப்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் உட்சுவர்ப் பூச்சு இதற்குத் தக்க சான்று. கிளிஞ்சற் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் வெல்லமும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அரைத்த சாந்து அது. உலர்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். ஆங்கிலேயர் 'சென்னைச் சுண்ணாம்பு' என்றழைத்த இப்பூச்சு எந்தப் பொறியியற் கல்லூரியிலும் கற்பிக்கப்பட்டதன்று. தென்னிந்தியக் கொத்தரின் கைவழக்கு. வடிவமைத்த மக்பர்சனின் பெயரும் கட்டுவித்த மக்நாயரின் பெயரும் நிலைத்துள்ளன. சாந்து அரைத்தோரின் பெயர்கள் கட்டட வரலாற்றில் இடம்பெறவில்லை.

1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து குடியேற்ற நாட்டு அமைச்சின்கீழ் வந்தன.  1867க்கும் 1869க்கும் இடையே எழுந்த ஆளுநர் மாளிகை, இன்றைய இஸ்தானா, இம்முறையின் கடைசிப் பெரும்பணி எனலாம். 1873இல் கைதிகள் துறை கலைக்கப்பட்டது. அனுமதிச் சீட்டுப் பெற்றிருந்த பலர் விடுதலையாகி இங்கேயே தங்கினர். தண்டனைக் காலம் முடியாதோர் அந்தமானின் போர்ட் பிளேருக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுடன் அவர்கள் கற்ற தொழிலும் சென்றது. அதன்பின் பொதுப்பணித் துறை கொத்தனையும் மேற்பார்வையாளனையும் கூலி கொடுத்தே அமர்த்த வேண்டியதாயிற்று.