ஜிஎஸ் அட்டை யாருக்கு? வலைப்பந்தாட்டத்தின் நிலை விதி

இணையத்தில் கற்பனைக் கூடைப்பந்தாட்ட லீக் நடத்துபவர்களிடையே தீராத வாக்குவாதம் ஒன்று உண்டு. ஒரு வீரரை சென்டராக மட்டும்தான் சேர்க்கலாமா, போர்வர்டாகவும் கணக்கில் எடுக்கலாமா? பொழுதுபோக்குக்காரர்களின் சண்டை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் என்பிஏ லீக்கிலேயே இதனால் ஒருவர் பெருந்தொகையை இழந்தார். 2021இல் ஆண்டின் சிறந்த அணிகளுக்கான வாக்கெடுப்பில் ஜேசன் டேட்டமுக்கு கைரி இர்விங்கை விட அதிக புள்ளிகள் கிடைத்தன. இர்விங் கார்ட் என்பதால் உள்ளே போனார். டேட்டம் போர்வர்ட். அந்த இடங்கள் நிரம்பிவிட்டதால் வெளியே நின்றார். அவருடைய ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 33 மில்லியன் டொலர் குறைந்தது. 2023–24 பருவத்திலிருந்து அந்தத் தெரிவில் நிலை பார்ப்பதையே என்பிஏ கைவிட்டது.

கூடைப்பந்தாட்டத்திலிருந்து பிறந்த வலைப்பந்தாட்டம் நேரெதிர்த் திசையில் போனது. 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டத்தை அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் சென்டா பெரென்சன் தம் மாணவிகளுக்காக மாற்றினார். மைதானத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தம் பகுதிக்குள்ளேயே நிற்கவேண்டும் என்றார். பெண்கள் அளவுக்கு மீறி ஓடிக் களைத்துவிடக்கூடாது என்பதே அன்றைய எண்ணம். அந்த எண்ணம் போய்விட்டது, கோடுகள் மட்டும் நிலைத்துவிட்டன.

பிறகு நாட்டுக்கு நாடு விதி வேறானது. நியூசிலாந்தில் ஒன்பது பேர் ஆடும் முறை நெடுங்காலம் இருந்தது. எல்லோருக்கும் பொதுவான விதிகளைப் பேசித் தீர்க்க 1960இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடிய இடம் வேறெங்கும் அல்ல, அன்று சிலோன் எனப்பட்ட நம் இலங்கைதான். நம் பாடசாலைகளில் இது யாருக்காவது சொல்லித்தரப்படுகிறதா?

ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். யார் எங்கே போகலாம் என்பதை மார்பிலும் முதுகிலும் உள்ள எழுத்து அட்டை தீர்மானிக்கும். 'சி' எனும் சென்டர் இரு கோல் வட்டங்களைத் தவிர எங்கும் ஓடலாம். 'ஜிகே' எனும் கோல் கீப்பர் தன் பக்கத்து மூன்றிலொரு பங்கைத் தாண்டக்கூடாது, தாண்டினால் பந்து எதிரணிக்கு. கோல் போடும் உரிமை 'ஜிஎஸ்', 'ஜிஏ' ஆகிய இருவருக்கு மட்டுமே, அதுவும் 4.9 மீற்றர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்று. வளையத்தின் உயரம் 3.05 மீற்றர். கூடைப்பந்தில் போலப் பின்னால் பலகை கிடையாது.

இந்த விதி ஒருவருக்கு எப்படிப் பொருந்தியது என்பதற்கு தர்ஜினி சிவலிங்கம் போதும். யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அவருடைய உயரம் 2.08 மீற்றர். ஜிஎஸ் அட்டையோடு வட்டத்துக்குள் நிற்பார். சகவீராங்கனைகள் உயரத்தில் எறியும் பந்தை எதிரணித் தடுப்பாளர்களின் கைக்கு எட்டாமல் பிடித்துப் போடுவார். 2009, 2018, 2022 ஆசியக் கிண்ணங்கள் அவர் ஆடியபோது கிடைத்தவை. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்களுடன் முதலிடத்தில் இருந்தார்.

அவருடைய வெற்றியிலிருந்து நம் பயிற்றுவிப்பாளர்கள் பாதிப் பாடத்தையே எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். வளர்ந்த பிள்ளைக்கு ஜிஎஸ் அல்லது ஜிகே, குள்ளமான பிள்ளைக்கு சென்டர் என்று முதல் நாளே முடிவாகிவிடுகிறது. குருவிட்டை போன்ற தோட்டப்புறங்களில் சரிவு நிலத்துக்கு நடுவே 30.5 மீற்றர் நீளத்துக்கு ஒரு சமதரை கிடைப்பதே பெரும்பாடு. அங்கே ஆட வரும் பிள்ளை பதின்மூன்று வயதில் ஓர் எழுத்துக்குள் அடைபட்டால், பதினாறு வயதில் உயரம் கூடினாலும் குறி பார்த்துப் போடப் பழகியிருக்கமாட்டாள்.

கற்பனை லீக்கில் ஒரு வீரர் ஒரு நிலையில் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்டங்கள் ஆடியிருந்தால்தான் அதற்குத் தகுதி. வலைப்பந்தாட்ட விதிநூலில் அப்படி எதுவும் இல்லை. தகுதி அட்டையோடு வருகிறது, ஆளோடு அல்ல. 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஒவ்வொரு இடைவேளையிலும், காயத்துக்காக ஆட்டம் நிற்கும்போதும் அட்டைகளை மாற்றிக்கொள்ளலாம். பயிற்சி ஆட்டத்திலாவது ஒரு கால்பகுதிக்கு சென்டரிடம் ஜிஏ அட்டையைக் கொடுத்துப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.