பருவத்தின் மேல் விழுந்த பழி

மழைக்காலத்தில் புளியந்தோப்பு ஆடுதொட்டிப் பக்கம் போனவர்களுக்கு அந்த நெடி தெரியும். மூத்திரமும் ஈரமும் சேர்ந்து மூக்கைத் தாண்டிக் கண்ணைக் கரிக்கும். அப்படிக் கரிப்பது அம்மோனியா. மூத்திரத்தில் இருக்கும் யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது வருவது. 19-ஆம் நூற்றாண்டில், இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டாக்களைச் சத்தமே இல்லாமல் பிளந்துகொண்டிருந்ததும் இதே வாயுதான். ரொம்ப காலத்துக்கு யாரும் இதைச் சந்தேகப்படவில்லை.

1857-ல் கொழுப்பு தடவிய காகிதத் தோட்டா என்ன பாடு படுத்தியது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அடுத்த முப்பது வருடத்துக்குள் காகிதம் போய் பித்தளை வந்துவிட்டது. முதலில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த உறை, பிறகு 1880-களில் ஒரே துண்டாக இழுத்துச் செய்த உறை. தோட்டா என்றதும் நமக்கு முன்னால் பறக்கும் குண்டுதான் நினைவுக்கு வரும். ஆனால் கஷ்டமான வேலை பின்னால் தங்கிவிடும் இந்த உறைக்குத்தான். வெடித்த கணத்தில் அது விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கு வராமல் அடைக்க வேண்டும். அடுத்த கணமே கொஞ்சம் சுருங்கி, இழுத்தால் கழன்று வர வேண்டும். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கலந்த பித்தளை இதை நன்றாகச் செய்யும்.

செய்முறையும் கேட்க எளிதுதான். வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, அந்தக் கிண்ணத்தைப் பல தடவை இழுத்து நீட்டிக் குழலாக்குவார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பித்தளை இறுகும். இறுகியதை அப்படியே மறுபடி இழுத்தால் கிழிந்துவிடும் என்பதால் நடுவில் சூடு காட்டி இளக்குவார்கள். கும்பகோணம் பக்கம் பாத்திரம் அடிக்கும் கன்னார்களும் அடிப்பது, காய்ச்சுவது, திரும்ப அடிப்பது என்றுதான் வேலை செய்தார்கள். ஆனால் தோட்டா உறைக்குக் கடைசிக் கட்டத்தில் பலம் வேண்டும். அதனால் கடைசி இழுப்பின் இறுக்கத்தை அப்படியே விட்டு, கழுத்தை நெருக்கி, குண்டை அழுத்திப் பொருத்திவிடுவார்கள். வெளியே பார்த்தால் பளபளப்பு. அளவுமானியை வைத்தால் அளவும் சரி. உள்ளே மட்டும் ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கை இழுத்துக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்தாலும் அந்த இழுவை தானாகப் போகாது.

மழைக்காலத்தில் படை நகர்வு குறையும். அப்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. மழை முடிந்து பெட்டியைத் திறந்தால் உறைகளில் நீளவாக்கில் விரிசல், அதிலும் குண்டைப் பிடித்திருக்கும் கழுத்தில். கழுத்து பிளந்தால் குண்டு ஆடும், மருந்துக்கு ஈரம் ஏறும். உடம்பு பிளந்த உறையைச் சுட்டால், அடைக்க வேண்டிய வாயு அந்தப் பிளவு வழியாகவே வெளியே வரும். அதைத் தோளில் வைத்துச் சுடப்போவது ஒரு சிப்பாய்.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் சீசன் கிராக்கிங், அதாவது பருவ விரிசல். இந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவே இல்லை. மழை நாளில் மட்டும் வரும் பிழை என்று டிக்கெட்டில் எழுதி, மழையையே காரணமாகப் போட்டு மூடுகிற ஆட்களை என் வேலையில் நிறைய பார்த்திருக்கிறேன். பருவம் என்று சொல்லிவிட்டால் தப்பு இந்த ஊர் வானத்துடையது, தொழிற்சாலையை யாரும் கேட்க மாட்டார்கள்.

விடை 1921-ல் வந்தது. இங்கிலாந்தில் வூல்விச் ஆராய்ச்சித் துறையின் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. (வடசென்னைக்கு 1921 என்றால் பி அண்ட் சி ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் போலீஸ் துப்பாக்கிச் சூடும்தான். இரண்டுக்கும் ஆண்டு ஒன்று என்பதைத் தவிர வேறு தொடர்பில்லை. உவமை பிழிய விருப்பமும் இல்லை.) ஈரமும் காற்றும் இருக்கும் இடத்தில் அம்மோனியா செம்பைக் கரைக்கும். உள்ளே இழுவை இருக்கும் பித்தளையில், படிகங்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லை வழியாக அது புகுந்து போகும். குதிரை மூத்திரமும் உள் இழுவையும் ஒன்று சேர்ந்தால்தான் பிளவு. மழையைத் தடுக்க முடியாது, இழுவையை எடுக்கலாம். உறையைச் சுமார் 250 டிகிரி செல்சியஸில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். பலம் பெரிதாகக் குறையாது, இழுவை பெரும்பாலும் போய்விடும். அடுப்படி வாணலிச் சூடு, அவ்வளவுதான்!

இதே உள் இறுக்கம் இன்று வேறு ஆட்களைப் படுத்துகிறது. சுட்ட உறையைத் திரும்ப நிரப்பிப் பயன்படுத்தும் இலக்குச் சுடும் போட்டியாளர்கள், விரிந்துபோன உறையை ஒரு டைக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். வெளியே எடுத்ததும் பித்தளை கொஞ்சம் திரும்ப எகிறும். எவ்வளவு எகிறும் என்பது அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு தடவை சுட்ட உறையும் ஐந்து தடவை சுட்ட உறையும் ஒரே டையிலிருந்து வெவ்வேறு அளவில் வெளியே வரும். வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. டையை எத்தனை தடவை திருகி மாற்றினாலும் அது சரியாகாது. ஒரே எண்ணிக்கை சுட்ட உறைகளைத் தனியாகப் பிரித்து, கழுத்தையும் தோளையும் மட்டும் சில நொடி சூடாக்கி இளக்குகிறவர்களுக்கு அளவு ஒன்றுபோல வருகிறது. இந்தச் சூடு 250 டிகிரியைவிட நிறைய அதிகம். அடிப்பக்கத்துக்கு மட்டும் அது இறங்கவே கூடாது. அடி இளகினால் அழுத்தத்தைத் தாங்க ஆளில்லை.

ராணுவ ரைஃபிள் தோட்டா ஒன்றை மியூசியத்திலோ படத்திலோ பார்த்தால் கழுத்தைக் கவனியுங்கள். பழுப்பும் லேசான நீலமுமாக ஒரு நிழல் படிந்திருக்கும். கடைக்கு வரும் தோட்டாக்களில் பெரும்பாலும் அதைத் தேய்த்து மினுக்கிவிடுவார்கள். ராணுவத்துக்குப் போவதில் அப்படியே விட்டுவைப்பார்கள், கழுத்துக்குச் சூடு காட்டியாச்சு என்று பார்த்த உடனே தெரிய.