பக்டி: ஒரு சொல்லும் ஒரு நகரின் வாடகையும்

‘வீட்டு விலை சரியட்டும், பிறகு நகரில் குடியேறலாம்’ என்று காத்திருப்போர் பலர். விலை சரிந்தால் நகரம் எளியோர்க்கு வசப்படுமா? பம்பாயின் வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பம்பாயில் குவிந்த பணம், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களின் பங்குகளில் பாய்ந்தது. 1864ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 8,16,562. வாடகையும் விலைவாசியும் ஏறின. 1865இல் போர் முடிந்ததும் பங்குகள் வீழ்ந்தன. பிரேம்சந்த் ராய்சந்த் போன்ற பெருவணிகரே நொடித்தனர். 1872இல் மக்கள்தொகை 6,44,405 மட்டுமே. நெரிசல் குறைந்தது உண்மை. ஆனால் பிழைப்பும் உடன் போயிற்று.

முதல் உலகப் போர்க்காலத்தில் வாடகை மீண்டும் உயர, 1918இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1920இல் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில் தொடங்கிய வளர்ச்சித் துறை, வொர்லி, நாய்காவ் முதலிய இடங்களில் தொழிலாளர்க்கெனச் சால்களைக் கட்டியது. அவை எழுந்து முடிவதற்குள் ஆலைத்தொழில் தளர்ந்துவிட்டது. வொர்லியோ வேலையிடங்களுக்குத் தொலைவு. அறைகள் பல வெறுமையாய்க் கிடந்தன. ஏற்றக் காலத்தின் செலவில் கட்டிய வீட்டை, இறக்கக் காலத்தின் கூலியால் எட்ட இயலவில்லை.

1947ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் அளவில் நிறுத்தியது. ஏற்கெனவே குடியிருந்தோரை அது காத்தது. வருவாய் குன்றிய உரிமையாளர் பலர் பழுதுபார்ப்பைக் கைவிட்டனர். புதிதாய் வருவோர் முன்கூட்டியே ஒரு பெருந்தொகை தரவேண்டியதாயிற்று. அதன் பெயர் ‘பக்டி’. மராத்தியில் தலைப்பாகை என்று பொருள்படும் சொல். சட்டம் தடுத்த பணத்துக்கு ரசீது ஏது? பேச்சுவழக்கே அதன் ஆவணம். 1999ஆம் ஆண்டுச் சட்டமே அக்கொடுக்கல்வாங்கலை ஏற்றுக்கொண்டது.

மூன்று காலங்களுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. ஏற்றத்தில் வாடகையாகவும், இறக்கத்தில் வேலையிழப்பாகவும், கட்டுப்பாட்டில் பக்டியாகவும் சுமை இறங்கிய தோள், பெரும்பாலும் பிழைப்புத் தேடிப் பின்னால் வந்தவனுடையது. ஆகவே வீட்டு விலை எவ்வளவு குறைந்தது என்பதோடு கேள்வி முடியக்கூடாது. அவ்வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் வேலை உண்டா, அந்தக் கூலி வாடகைக்குப் போதுமா என்பதையும் கேட்டாக வேண்டும்.